கின்னிமாவின் குளத்து நுரை

போன மாதம் என் பழைய ஆபீசிலிருந்து ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். நம் தமிழ்ப் பிள்ளைதான். கையில் தடித்த புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். "சார், இனிமே குளத்துல எந்த முட்டையைப் பார்த்தாலும் இந்தப் படத்தோட ஒத்துப் பார்த்தாப் போதும். ஒரு நிமிஷத்துல பேர் சொல்லிடலாம்" என்றார். வாங்கிப் புரட்டினேன். படங்கள் நன்றாகத்தான் இருந்தன. கல்கத்தாத் தவளைகள் இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. "நீங்கள்லாம் அந்தக் காலத்துல எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். "காத்திருந்து" என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தார். பிறகு, இங்குள்ள தமிழர் சங்கத்து மலருக்குத் தானே பொறுப்பு என்றும், நான் ஒரு கட்டுரை தந்தே ஆக வேண்டும் என்றும் பிடித்துக்கொண்டார்.

எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி கோமதி அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். "எழுதுங்க, வேண்டாங்கல. ஆனா அந்த நுரை விசயத்தை எழுதுதியன்னா உள்ளத உள்ளபடி எழுதணும். நான் குளத்துல தலை முழுகலன்னு மொதல் வரியிலயே போட்டிருங்க" என்றாள். முதல் வரி ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே இங்கே போட்டுவிடுகிறேன்: அவள் முழுகவில்லை.

நான் திருநெல்வேலிச் சீமைக்காரன். சைவப் பிள்ளைமார் வீடு. முட்டை என்ற சொல்லையே எங்கள் வீட்டில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். படிப்பையும் டைப்பையும் முடித்து, கம்பெனி உத்தியோகத்திலிருந்த மாமா ஒருவரை நம்பி ஹவுராவில் வந்து இறங்கினேன். மாமா சொல்லி வைத்திருந்த வேலை நான் ரயிலில் வந்துகொண்டிருந்தபோதே வேறு யாருக்கோ போய்விட்டது. கடைசியில் கிடைத்தது, நகரத்துச் சுகாதார அலுவலகத்தில் குளப் பரிசோதனைப் பிரிவு. ஊருக்கு எழுதும்போது 'தண்ணீர் ஆபீஸ்' என்று எழுதினேன். அப்பா அதை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். காலை முதல் மாலைவரை நான் பார்ப்பது முட்டை என்று தெரிந்திருந்தால் என்னை வீட்டுப் படி ஏற்றியிருக்க மாட்டார்.

ஏன் முட்டை பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துக் கல்கத்தாவில் தெருவுக்கொரு குளம் உண்டு. மலேரியாக் காய்ச்சல் கொசுவால் வருகிறது என்ற செய்தி அப்போதுதான் எங்கள் ஆபீஸ்வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. கொசு முட்டையிட்ட குளமென்றால் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். மீனோ தவளையோ முட்டையிட்ட குளமென்றால் ஊற்றக் கூடாது. அதனால் குளக்கரையில் யாராவது வழவழவென்று எதையாவது கண்டால், அதை ஒரு ஜாடியில் அள்ளி எங்களுக்கு அனுப்புவார்கள். இது யார் போட்ட முட்டை என்று நாங்கள் சொல்ல வேண்டும். மாற்றிச் சொல்லிவிட்டால் யாரோ ஒருவர் ஆசையாக வளர்த்த மீனெல்லாம் மண்ணெண்ணெயில் மிதக்கும்.

பிரிவுக்குத் தலைவர் ஹரிசாதன் பாபு. பெரிய உடம்பு, சின்னக் குரல். வெயிலோ மழையோ, கையில் கறுப்புக் குடை இருக்கும். ஜாடி வந்ததும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் வெகுநேரம் பார்ப்பார். பிறகு அந்தக் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கண்ணால் பார்ப்பார். இரண்டு கண்ணும் ஒத்துப்போன பிறகு "ஹூம்" என்பார். எங்கள் பிரிவின் முதல் அறிக்கை அந்த "ஹூம்" தான். இரண்டாவது அறிக்கைக்குப் பல நாள் ஆகும்.

ஆபீசில் அப்போதும் ஒரு புத்தகம் இருந்தது. அது இங்கிலாந்துத் தவளைகளைப் பற்றியது. அவை பனி உருகியதும் முட்டையிடுமாம். எங்கள் தவளைகள் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. முதல் பெருமழை விழுந்ததும் போட்டுத் தள்ளிவிடும். எனவே ஆளுக்கொரு முறையாக, அவரவர் வீட்டு அடுக்களையை வைத்துத்தான் அடையாளம் பார்த்தோம். நீளமான பசை நூலில் கறுப்புப் பாசிமணி கோத்த மாதிரி இருந்து, நீர்ச்செடியைச் சுற்றிக் கிடந்தால் அது தேரை. தண்ணீர்மேல் பாலாடையாகப் படர்ந்து, புள்ளி புள்ளியாக இருந்தால் சின்னத் தவளை. கொத்தாக, ஜவ்வரிசிப் பாயசம் மாதிரி இருந்தால் வேறு தவளை. இந்த வேலைக்கு வந்த பிறகு நான் ஜவ்வரிசிப் பாயசத்தைத் தொட்டதில்லை. கோமதி கோபித்துக்கொண்டு பார்த்தாள், பிறகு சேமியாவுக்கு மாறிவிட்டாள்.

ஹரிசாதன் பாபுவின் அடுக்களை வேறு. மீன் முட்டையானால் அவர் முகமே மலர்ந்துவிடும். எந்த மீன், அதைக் கடுகெண்ணெயில் எவ்வளவு நேரம் போட வேண்டும், கூட எந்தக் காய் சேரும் என்பதுவரை சொல்வார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

"பிள்ளை பாபு, மீனே தெரியாத மனுஷன் குளத்தை வச்சிக்கிட்டு என்னதான் செய்வான்?" என்று ஒரு நாள் மனதாரக் கவலைப்பட்டுக் கேட்டார்.

"குடிப்பான் பாபு" என்றேன்.

அடுக்களை அடையாளம் முதல் படிதான். அதற்குப் பிறகு முட்டையை ஒரு வாயகன்ற மண்தொட்டியில், அதே குளத்துத் தண்ணீரில், அதே குளத்துச் செடியோடு போட்டு, மேலே மெல்லிய துணி கட்டி, வராந்தா நிழலில் வைப்போம். தொட்டிமேல் சாக்குக்கட்டியால் குளத்தின் பெயரை மட்டும் எழுதுவோம். முட்டையின் பெயரை எழுதக் கூடாது. துடுப்போ காலோ வெளியே வந்த பிறகுதான் பெயர். "கால் முளைக்கும்வரை வாய் திறக்காதே" என்பது பிரிவின் சட்டம். போன புதிதில் இது சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

பிறகுதான் காரணம் தெரிந்தது. ஹரிசாதன் பாபு இளவயதில் ஒரு தடவை அவசரப்பட்டிருக்கிறார். பவானிப்பூரில் ஒரு வக்கீல் தன் வீட்டுக் குளத்து முட்டையைக் காட்ட, ஒரே பார்வையில் "ரூயி மீன்" என்று சொல்லிவிட்டார். ரூயி மீன் ஆற்று வெள்ளத்தில்தான் முட்டையிடும், தேங்கிய குளத்தில் இடாது என்பது அவருக்கு அன்று தெரியாது. வக்கீல் சந்தோஷத்தில் தெரு முழுவதையும் வரப்போகும் விருந்துக்கு இப்போதே அழைத்துவிட்டார். சில வாரம் கழித்துக் குளத்திலிருந்து கரையேறியது தேரைக் கூட்டம். மாடிப்படி வரைக்கும் ஏறியதாம். அன்றிலிருந்து ஹரிசாதன் பாபு அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போவார். குடை வெயிலுக்கும் இல்லை, மழைக்கும் இல்லை.

இனி என் சொந்த வழக்குக்கு வருகிறேன். கல்யாணமாகிக் கோமதி கல்கத்தா வந்தபோது வீடு தேடி அலைந்தேன். மீன் வாடை எட்டாத அடுக்களை உள்ள வீடு எங்களுக்கு வேண்டும். பெருங்காயம் போடாத குடித்தனம் வீட்டுக்காரர்களுக்கு வேண்டும். செருப்புத் தேய்ந்த பிறகு பாலிகஞ்சில் ஒரு வீட்டின் பின்கட்டு அமைந்தது. இரண்டு அறை, தனி அடுக்களை, எங்களுக்கென்று ஒரு கிணறு, கிணற்றடியில் தட்டி கட்டிய குளியல் இடம். இப்படி ஒன்று இனி கிடைக்கவே கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

வீட்டு எஜமானியை எல்லாரும் கின்னிமா என்பார்கள். எஜமானியம்மா என்று அர்த்தம். அவளுடைய கணவர் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வந்தவர்போல் நாள் முழுக்க முன்வராந்தாவில் பேப்பர் படிப்பார். கின்னிமாவுக்கும் எங்களுக்கும் ஒரு ஒப்பந்தம். அவள் இலீஷ் மீன் பொரிக்கும்போது நாங்கள் ஜன்னலை மூடுவோம். நாங்கள் தாளிக்கும்போது அவள் மூடுவாள். ஜன்னல் சத்தத்தை வைத்தே யார் வீட்டில் என்ன சமையல் என்று சொல்லிவிடலாம்.

வீட்டுக்குப் பின்னால் குளம். குடிதண்ணீருக்கு மட்டும் என்று கின்னிமா ஒதுக்கி வைத்திருந்தாள். அக்கம்பக்கத்து நாலைந்து வீடுகளுக்கும் அதுதான் குடிக்கத் தண்ணீர். அதில் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, குடத்தைக்கூடக் கிணற்றடியில் கழுவிய பிறகுதான் முக்க வேண்டும். "ஒரு விரல் பட்டாலும் எனக்குத் தெரிஞ்சுடும்" என்பாள். மாடியிலிருந்து காவல் பார்ப்பாள்.

கோமதிக்கு வெள்ளிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல். காய்ச்சல் கண்டாலொழியத் தவறாது. ஊரிலிருந்து ஒரு தகரப்பெட்டி நிறையச் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் கொண்டுவந்திருந்தாள். பூந்திக்கொட்டையை ஊறவைத்து அடித்தால் பாத்திரம் பொங்கி வழிய நுரை வரும். கிணற்றடியில் குளித்துவிட்டு, பின்முற்றத்தில் கூந்தலை விரித்துக் காயவைப்பாள். கின்னிமா மாடியிலிருந்து அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். பிடிக்காமல்தான் பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தின் முதல் பெருமழை ஒரு வெள்ளிக்கிழமை கொட்டியது. சனிக்கிழமை காலை குளக்கரையிலிருந்து சத்தம் வந்தது.

"பிள்ளை பாபு! இங்க வாங்க! உங்க வீட்டுல பண்ணியிருக்கிற காரியத்தை வந்து பாருங்க!"

ஓடினேன். படித்துறைச் சுவரில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, இரண்டு கை அள்ளினால் வரும் அளவுக்கு வெள்ளை நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர்மேல் சாய்ந்திருந்த கொய்யாக் கிளையிலும் ஒன்று. உளுந்து மாவைக் கையால் அடித்து அப்பி வைத்த மாதிரி இருந்தது.

"நேத்து வெள்ளிக்கிழமை. நேத்து உங்க வீட்டுல தலைக்குளியல். இன்னிக்கு என் குளத்துல நுரை. நான் கோர்ட்டுக்காரர் பெண்டாட்டி. எனக்கு வேற சாட்சி வேண்டாம்" என்றாள் கின்னிமா.

அதற்குள் கோமதியும் வந்துவிட்டாள். வங்காளம் அவளுக்கு அப்போது அரைகுறைதான். ஆனால் தன்னைக் காட்டும் விரல் எந்த பாஷையிலும் புரியும். "என்ன சொல்லுதாங்க?" என்றாள். முடிந்தவரை மென்மையாக மொழிபெயர்த்தேன்.

"நான் இந்தப் படித்துறைப் பக்கமே வரலன்னு சொல்லுங்க."

சொன்னேன். "அப்போ நுரை பறந்து வந்துச்சா?" என்றாள் கின்னிமா. பிறகு தீர்ப்பும் சொல்லிவிட்டாள். "தப்புதான், இனிமே செய்ய மாட்டேன்னு பௌமா ஒரு வார்த்தை சொல்லட்டும். போதும், நான் மறந்துடறேன். இல்லேன்னா ரத யாத்திரை அன்னிக்கு வீட்டைக் காலி பண்ணிடுங்க. என் தங்கை மகன் வீடு தேடிக்கிட்டிருக்கான்." பௌமா என்றால் மருமகள். கோபத்திலும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

வீட்டுக்குள் வந்ததும், "ஒரு வார்த்தைதானே கோமதி" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"செய்யாததுக்கா? குடிக்கிற தண்ணியில தலை கசக்கினவன்னு இந்தத் தெருவே என்னையக் கைகாட்டும். வீடு போனா வேற பாத்துக்கிடலாம். இந்தப் பேரை எங்க கொண்டுபோய்க் கழுவ? ஏன், நீங்க முட்டை ஆபீஸ்தான? அது என்ன சவம்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். தொட்டேன், ஒட்டியது. அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது. எங்கள் பிரிவுக்கு இதுவரை வந்ததெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தவை. தண்ணீருக்கு மேலே, சுவரில் ஒட்டிய நுரையை யாரும் ஜாடியில் போட்டு அனுப்பியதில்லை. உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லியிருக்கிறாள், எழுதுகிறேன்: ஒருவேளை இவள்தானோ என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது. அதை அவள் என் முகத்திலேயே படித்துவிட்டாள். அன்று சாப்பாடு பரிமாறினாள், பேச்சு பரிமாறவில்லை.

திங்கட்கிழமை ஹரிசாதன் பாபுவிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டார். "ஹூம். முட்டை எங்கே?"

"முட்டை தெரியல பாபு. நுரைதான்."

"முட்டை இல்லாத நுரை நம்ம பிரிவு இல்ல. சாக்கடைப் பிரிவு."

சாக்கடைப் பிரிவு எதிர் வராந்தாவில் இருந்தது. அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க ஒட்டியிருக்கு? குளத்துச் சுவர்லயா? குளம் உங்க பிரிவாச்சே" என்று என்னையே என்னிடம் திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் வராந்தாவில் அலைந்துகொண்டிருந்த நேரத்தில் கோமதி சும்மா இருக்கவில்லை. பூந்திக்கொட்டையை ஊறவைத்து, கை வலிக்க அடித்து, பித்தளைப் பாத்திரம் நிறைய நுரையைக் கொண்டுபோய்ப் படித்துறையில் அந்த நுரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கின்னிமாவைக் கூப்பிட்டிருக்கிறாள். மத்தியானத்துக்குள் அவள் நுரை அடங்கிப் பழுப்புத் தண்ணீராகிவிட்டது. சுவர் நுரை அசையாமல் நின்றது. கின்னிமா இரண்டையும் பார்த்துவிட்டு, "இன்னிக்குத் தண்ணி அதிகமா ஊத்தியிருக்கே. அன்னிக்குக் கெட்டியா அடிச்சிருப்பே" என்று சொல்லி, தோட்டக்காரனைக் கூப்பிட்டு நுரைகள் அத்தனையையும் சுரண்டி எறியச் சொல்லிவிட்டாள்.

நான் வந்தபோது கோமதி அடுக்களையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வந்த இடத்தில் அவளுக்கு என்னைத் தவிர யாரும் கிடையாது. நானோ ஒரு நொடி அந்தப் பக்கம் சாய்ந்தவன். வேறு வீடு தேட ஆரம்பித்தேன். போன இடமெல்லாம் மீன் பொரிந்துகொண்டிருந்தது.

அந்த வாரமே இன்னொரு பெருமழை. மறுநாள் காலையில் கொய்யாக் கிளையில் புது நுரை. முந்தின நாள் வெள்ளிக்கிழமையும் இல்லை. "இப்போ நினைச்ச நாளெல்லாம் ஆரம்பிச்சாச்சா!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. தோட்டக்காரன் வருவதற்குள் கோமதி ஓர் ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு போய் அந்த நுரையைக் கிளறிவிட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வாழை இலைத் துண்டை என் முன்னால் கொண்டுவந்து நீட்டினாள். நுரைக்குள் வெளிறிய மணிகள், வெந்த தினையைப் போல.

"இது உங்க ஆபீஸ் சரக்கா இல்லையா? பாத்துச் சொல்லுங்க."

கை கழுவக்கூட இல்லை, கிளம்பிவிட்டேன். ஹரிசாதன் பாபு இலையை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கண். மறு கண். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "முட்டை இருக்கு. நம்ம பிரிவு" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. கைக்கெட்டாது என்பதால் விட்டுவிட்டேன்.

கின்னிமா அவரை சந்தேஷ் இனிப்புக் கொடுத்து வரவேற்றாள். இரண்டு பேருக்கும் பூர்விகம் ஒரே ஜில்லா என்று பேச்சில் தெரியவந்ததும் இன்னொரு சந்தேஷ் வந்தது. நமக்கு வினை வந்தது என்று நினைத்தேன். ஆனால் தின்றுவிட்டு எழுந்தவர், கொய்யாக் கிளையை நுரையோடு வெட்டச் சொன்னார். நடுமுற்றத்தில் மூன்று மூங்கில் குச்சிகளைக் கூட்டிக் கட்டி, கிளையை அதில் தொங்கவிட்டு, அடியில் குளத்துத் தண்ணீர் நிறைத்த மண்தொட்டியை வைத்தார். தொட்டியில் சாக்குக்கட்டியால் 'பாலிகஞ்ச்' என்று மட்டும் எழுதினார்.

"இது என்ன பாபு, சோப்பா, இல்லையா?" என்றாள் கின்னிமா.

"கால் முளைக்கட்டும்."

"அது எப்போ முளைக்கும்?"

"அதைக் கால்தான் சொல்லணும்."

அவர் போன பிறகு தகராறு ஆரம்பித்தது. தான் அந்தப் பக்கம் திரும்பினால் நாங்கள் எங்கிருந்தாவது தவளைக்குஞ்சு பிடித்துவந்து தொட்டியில் போட்டுவிடுவோம் என்று கின்னிமாவுக்குப் பயம். தான் எழுந்துபோனால் கின்னிமா தொட்டியைக் கவிழ்த்துவிடுவாள் என்று கோமதிக்குப் பயம். ஆகவே இருவரும் தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். காய் நறுக்குவதும் அங்கே, அரிசி பொறுக்குவதும் அங்கே. முதல் நாள் ஒரு பேச்சு இல்லை. மறுநாள் கின்னிமா எங்கள் அரிவாள்மணையை உற்றுப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டுல இருக்கிற மாதிரியேதானே!" என்றாளாம். இரண்டையும் மாற்றி வாங்கி நறுக்கிப் பார்த்திருக்கிறார்கள். அதற்கடுத்த நாள் நான் ஆபீசிலிருந்து வந்தபோது, பெருங்காயத்தை எதற்குப் போடுகிறோம் என்று கோமதி விளக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எங்கிருந்து இவ்வளவு வங்காளம் வந்தது என்று எனக்கு ஆச்சரியம். சண்டைக்கென்று கற்றுக்கொண்டது பேச்சுக்கும் உதவியது. இடையிடையே இருவரும் ஒரே நேரத்தில் தொட்டியை எட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர் மட்டும்தான் இருக்கும். பேச்சு உடனே நின்றுவிடும்.

அந்த வருஷம் ரதம் வெள்ளிக்கிழமையில் வந்தது. வீடு எதுவும் அமையவில்லை. மாமா வீட்டுக் கூடத்தில் ஒண்டிக்கொள்வது என்று முடிவுசெய்து, மாட்டுவண்டி பிடித்துவந்து வாசலில் நிறுத்தினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த ஆட்டுக்கல்லை வண்டிக்காரனும் நானும் ஏற்றியதில் இருவருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. கோமதி மட்டும் தொட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. தலைமுடியை அவிழ்த்துப்போட்டு அங்கேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி நிக்குது கோமதி."

"வண்டி நிக்கட்டும். வெள்ளிக்கிழமை நிக்காதுல்லா."

எதிரே கின்னிமா ரதத்துக்குப் பொரித்த அப்பளமும் ஜிலேபியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹரிசாதன் பாபுவும் வந்திருந்தார். கடைசி நாள் பரிசோதனைக்கு என்று சொன்னார், கண் ஜிலேபியில் இருந்தது. கின்னிமாவின் கணவர் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தூறல் போட ஆரம்பித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. காய்ந்து ஏடு கட்டியிருந்த நுரை தூறலில் நனைந்து இளகித் தொங்கியது. தொட்டித் தண்ணீரில் 'பொட்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு பொட் பொட்டென்று உதிர ஆரம்பித்தது.

முதலில் கத்தியது கின்னிமாதான். "பௌமா! விழுந்துடுச்சு! நீந்துது பார், வால் இருக்கு!"

எண்ணெய்க் கையோடு கோமதி தொட்டிமேல் குனிந்தாள். நான் ஓடினேன், வண்டிக்காரன் ஓடிவந்தான். தொட்டி முழுக்கத் தலைப்பிரட்டைகள். ஹரிசாதன் பாபு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்தார். ஒரு கண். மறு கண். "ஹூம்."

"என்ன ஹூம்? தவளைன்னு சொல்லுங்க!" என்றாள் கின்னிமா.

"கின்னிமா, வால்தான் வந்திருக்கு. வால் மீனுக்கும் உண்டு."

"மீன் கொய்யாமரத்துல ஏறி முட்டை போடுமா?"

"நான் பார்த்ததில்ல. பார்க்காததை இல்லன்னு எப்படி எழுதறது?"

கின்னிமாவுக்கு வந்த கோபத்தில் அப்பளத் தட்டு கவிழ்ந்தது. "நீங்க மனுஷரா? ஒரு பாவமும் அறியாத பொண்ணு! குளத்துப் பக்கமே போகாத பொண்ணு! அதைத் தலையில எண்ணெயோட தெருவுல நிறுத்தப் பார்க்கிறீங்களா?"

கின்னிமாவின் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். அந்த வீட்டில் நான் அவர் குரலைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. "நிறுத்தப் பார்த்தது நீதான்" என்றார். பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

கின்னிமா குனிந்து, சிதறிய அப்பளங்களைத் தட்டில் பொறுக்கி வைத்தாள். பிறகு வண்டிக்காரனைப் பார்த்தாள். "இறக்குப்பா எல்லாத்தையும். கால் முளைக்கிற வரைக்கும் இந்த வீட்டை விட்டு யாரும் போகக் கூடாது." ஆட்டுக்கல்லை இன்னொரு தடவை தூக்க வேண்டுமே என்று வண்டிக்காரன் முகம் சுருங்கியது. எனக்கு அந்தக் கல் அன்று கனக்கவே இல்லை.

கால் முளைக்கச் சில வாரம் ஆயிற்று. முதலில் பின்னங்கால், பிறகு முன்னங்கால், பிறகு விரல் நுனியில் சின்னச் சின்ன வட்டத் தட்டு. அந்தத் தட்டைப் பார்த்த பிறகுதான் ஹரிசாதன் பாபு தொட்டியில் எழுதினார்: மரத்தவளை. பெண் தவளை ராத்திரியில் பின்னங்காலால் அடித்து எழுப்பும் நுரை அது, தண்ணீருக்கு மேலே கூடு கட்டி முட்டையை அதற்குள் வைக்கும் என்று விளக்கமும் சொன்னார். எனக்குச் சந்தேகம் வந்தது. "பாபு, உங்களுக்கு இது முதல்லயே தெரியுமா?"

"நீ நுரைன்னு சொன்ன அன்னிக்கே தோணுச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வண்டி பிடிச்சிருக்க வேண்டாமே பாபு!"

"கால் இல்லையே" என்றார்.

கின்னிமா கோமதியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வார்த்தை அவளுக்கு வராது. எங்களுக்கும் அதை எதிர்பார்க்கத் தோன்றவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலை கோமதி முற்றத்தில் பூந்திக்கொட்டையை அடித்துக்கொண்டிருந்தபோது, கின்னிமா மாடியிலிருந்து இறங்கிவந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள். ஒரு மணைப்பலகையைக் கோமதிக்கு முன்னால் இழுத்துப்போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கோமதி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவள் உச்சியில் ஊற்றினாள். மாடியிலிருந்து அவள் கோமதியின் கூந்தலைப் பார்த்த பார்வை என்ன பார்வை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பாத்திரத்தில் நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கின்னிமா எண்ணெய் வழியும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இந்தக் கண்ணை மூடி அந்தக் கண்ணால் பார்த்தாள்.

"ஹூம்" என்றாள். "இதுல கால் முளைக்காது. எழுதிக்குங்க பிள்ளை பாபு."